இழையைக் காட்டும் காமிரா: நெருக்கப் படம் எடுக்கும் முறையும் அதன் எல்லையும்

ஆரணியில் நெய்த பட்டுச் சேலை ஒன்று தொலைவிலுள்ள ஊருக்குத் தபாலில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து நாட்களில் அது திரும்பி வருகிறது. “உடலில் ஊடை விலகியிருக்கிறது; இது தறியிலேயே நேர்ந்த குறை” என்று வாங்கியவர் எழுதுகிறார். நெய்தவரோ, “தறியிலிருந்து அறுத்தபோது அக்குறை இல்லை” என்கிறார். சங்கத்தில் சேலையை வாங்கி வைத்தவர் கண்ணால் பார்த்தாரேயன்றிப் பார்த்ததற்கு அடையாளம் எதையும் வைக்கவில்லை. யார் சொல்லை ஏற்பது? வாங்கியவரை மறுத்தால் சங்கத்தின் பெயர் கெடும். ஏற்றால் நெசவாளியின் கூலியில் பிடித்தம் விழும்.

இத்தகைய வழக்கில் நடுநின்று பேசக்கூடிய சாட்சி ஒன்று இன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதுவே நெருக்கப் படம். அதை எடுக்கும் முறை யாது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பனவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

நெருக்கப் படம் என்பது யாது?

காமிராவினுள் ஒளி பதியும் தகடு ஒன்று உண்டு. பொருள் எவ்வளவு பெரிதோ அதே அளவில் அதன் பிம்பம் அத்தகட்டில் விழுமானால், அதனை ஒன்றுக்கு ஒன்று என்ற அளவு என்பர். சாதாரண லென்ஸ் இவ்வளவு அருகில் தெளிவாகக் காட்டாது. அதற்கென ஆக்கப்பட்டதே ‘மாக்ரோ’ லென்ஸ். தொலைவிலுள்ள பொருள் முதல் மிக அருகிலுள்ள பொருள் வரை ஒரே லென்ஸில் தொடர்ச்சியாகப் படம்பிடிக்கும் வசதி, 1955இல் வெளிவந்த கில்ஃபிட் நிறுவனத்தின் ‘மாக்ரோ-கிலார்’ லென்ஸில் முதன்முதல் அமைந்தது.

இப்போது வழக்கிலுள்ள சிறிய காமிராக்களுள் ‘மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்’ என்பது ஒரு வகை. ஒலிம்பஸ், பானசோனிக் என்னும் இரு ஜப்பானிய நிறுவனங்கள் 2008இல் இம்முறையை அறிவித்தன. பழைய காமிராக்களில் லென்ஸுக்குப் பின்னே ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று, படம் எடுக்கும் கணத்தில் மேலே எழும். இவற்றில் அக்கண்ணாடி இல்லை. ஆகவே உருவம் சிறியது. கண்ணாடி எழுவதால் உண்டாகும் அதிர்ச்சியும் இல்லை. தகட்டில் விழும் பிம்பத்தையே நாம் திரையில் நேராகப் பார்க்கிறோம். அதைத் திரையிலேயே பல மடங்கு பெரிதாக்கி, இழை தெளிவாக இருக்கிறதா என்று சரிபார்த்த பின் படம் எடுக்கலாம். நம் வேலைக்கு இதுவே முக்கியமான வசதி.

இக்காமிராவின் ஒளித்தகடு 17.3 மில்லிமீட்டர் அகலமும் 13 மில்லிமீட்டர் உயரமும் உடையது. இதற்கென ஒலிம்பஸ் நிறுவனம் 2012இல் 60 மில்லிமீட்டர் மாக்ரோ லென்ஸ் ஒன்றை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் காமிராத் தொழில் 2021 ஜனவரியில் ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனிக் கம்பெனிக்கு மாறிற்று. இந்த லென்ஸ் 185 கிராம் எடையே உள்ளது. ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் தகட்டுக்கும் துணிக்கும் இடையே 19 சென்டிமீட்டர் தூரம் இருக்கும். லென்ஸின் முகத்துக்கும் துணிக்கும் இடையே எஞ்சுவது சுமார் 9 சென்டிமீட்டர். பக்கத்திலிருந்து ஒளி புக இவ்விடைவெளி போதும். 30 மில்லிமீட்டர் மாக்ரோ லென்ஸ்களும் உண்டு. எனினும் அவை துணியின்மேல் ஏறக்குறைய முட்டி நிற்பதால் அவற்றின் நிழலே படத்தைக் கெடுக்கும்.

தூரப் படம் ஏன் போதாது?

சேலை முழுவதையும் ஒரே படத்தில் எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். இரண்டு கோடிப் புள்ளிகள் கொண்ட காமிராவில் அகலவாட்டில் 5184 புள்ளிகள் உள்ளன. 120 சென்டிமீட்டர் அகலமுள்ள சேலை படத்தின் அகலம் முழுவதையும் அடைத்தால், மில்லிமீட்டர் ஒன்றுக்கு நான்கு புள்ளிகளுக்குச் சற்று மேல் கிடைக்கும். சேலையில் சென்டிமீட்டருக்கு 40 பாவிழை என்று கொண்டால், ஓர் இழைக்கு ஏறக்குறைய ஒரு புள்ளியே தேறும். இழையும் புள்ளியும் இவ்வாறு ஒன்றோடொன்று உரசும்போது, துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தோன்றும். வாங்குபவர் அதைக் கண்டு நெசவே கோணல் என்று எண்ணிவிடுவார்.

ஒன்றுக்கு ஒன்று என்ற அளவிலோ மில்லிமீட்டருக்கு 300 புள்ளிகள் கிடைக்கின்றன. ஓர் இழைக்கு 75 புள்ளிகள். அப்போது பாவு ஊடையின்மேல் ஏறி இறங்குவதும், ஜரிகையின் தகடு நூலைச் சுற்றியிருப்பதும் தெளிவாகத் தெரியும்.

அரை மில்லிமீட்டரின் அருமை

இதில் ஒரு சிரமம் உண்டு. இவ்வளவு நெருங்கும்போது, தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைந்துவிடுகிறது. லென்ஸின் துவாரத்தை எஃப் 8 என்ற எண்ணில் வைத்தாலும் அரை மில்லிமீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். துவாரத்தை மேலும் சுருக்கினால் ஆழம் கூடும் என்பது உண்மையே. ஆயின் ஒரு கட்டத்துக்குப் பின் ஒளி சிதறிப் படம் முழுவதும் மங்கும். எஃப் 5.6 முதல் 8 வரை வைப்பது பொருத்தம்.

ஆகவே துணி தட்டையாகவும், காமிரா அதற்கு நேராகவும் இருத்தல் வேண்டும். இதற்கு எளிய உபாயம் ஒன்று உண்டு. துணியின்மேல் சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் சரியாக விழுந்தால் காமிரா நேராக இருக்கிறது என்று பொருள். பின் கண்ணாடியை எடுத்துவிட்டுப் படம் எடுக்கலாம். கண்ணாடியில்லாக் காமிராவைச் சீர் செய்யக் கண்ணாடியே துணையாவது வேடிக்கைதான்.

காமிராவை முக்காலியில் பொருத்தி, விசையை அழுத்தி இரண்டு விநாடிக்குப் பின் படம் விழுமாறு வைக்க வேண்டும். பக்கத்துத் தறி ஓடும்போது எடுக்கலாகாது. தரையின் அதிர்வு இழையை மங்கச் செய்யும். பூவேலை புடைத்திருக்கும் இடங்களில், கூர்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு சில காமிராக்களிலேயே உண்டு.

ஒளி அமைக்கும் விதம்

நேர் மேலிருந்து விழும் ஒளியில் நெசவு தட்டையாகத் தோன்றும். ஜன்னல் ஒளி தாழ்வாகப் பக்கத்திலிருந்து வருமாறு துணியை வைத்தால் ஒவ்வோர் இழையும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். குறை காண இதுவே ஏற்ற ஒளி. ஜரிகையோ கண்ணைக் கூசச் செய்யும். அதற்கு ஜன்னலில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி ஒளியைத் தணிக்க வேண்டும். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி பட்டின் மினுக்கைக் குறைக்குமேயன்றி உலோகத்தின் மினுக்கை அவ்வளவாகக் குறைக்காது.

மின்விளக்கில் எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரத்தில் பல விளக்குகள் விநாடிக்கு நூறு முறை துடிக்கின்றன. அதிவேகமாகவோ ஓசையற்ற முறையிலோ படம் எடுத்தால் குறுக்கே இருண்ட பட்டைகள் விழலாம். அவற்றைத் துணியின் குறை என்று கொள்ளுதல் கூடாது. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு வேகம் வைத்தால் பெரும்பாலும் இத்தொல்லை இராது.

துணியில் எதைப் பார்ப்பது?

முதலாவது, இழை எண்ணிக்கை. ஓர் அங்குலம் முழுவதும் படத்தில் அடங்குமாறு சற்றுப் பின்வாங்கி, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றைத் துணியோடு சேர்த்து எடுத்தால், திரையில் நிதானமாக எண்ணலாம். இழை எண்ணும் கண்ணாடியில் ஒருவர் எண்ணியதை மற்றவர் காண முடியாது. படத்தில் நெய்தவரும் தரம் பார்ப்பவரும் சேர்ந்தே எண்ணலாம்.

இரண்டாவது, குறையின் வடிவம். தறியில் ஊடை சரியாக அடிபடாமல் போனால், அந்தத் தளர்ச்சி அந்த ஊடை ஓடும் அகலம் முழுவதும் கோடாகச் செல்லும். பிற்பாடு இழுபட்டோ உராய்ந்தோ விலகியிருந்தால், அது ஓரிடத்தில் மட்டும் இருக்கும். விலகிய இழைகள் இருபுறமும் குவிந்து நெருங்கி நிற்கும். நகமோ வளையலோ மாட்டி இழுத்திருந்தால் நூல் வளையமாக வெளியே நீண்டு, அதன் இருபக்கமும் துணி சுருங்கியிருக்கும். பாவிழை தறியில் அறுந்திருந்தால் நீளவாட்டில் நேர்க்கோடாக இடைவெளி தெரியும். முதலில் கூறிய வழக்கில் திரும்பி வந்த சேலையே இவ்வாறு சாட்சி சொல்லும்.

மூன்றாவது, கைத்தறியின் அடையாளங்கள். கரையோரத்தில் துணியை அகலமாக இழுத்துப் பிடிக்கும் கம்பின் முட்கள் பதித்த நுண்துளைகள், ஊடைகளுக்கிடையே கையடியால் வரும் மிகச் சிறிய வேற்றுமை ஆகியவை நெருக்கத்தில் புலப்படும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். அப்பெயரில் வேறு சரக்கு விற்கப்படுமானால், அதைச் சந்தேகிக்க இப்படங்கள் முதல் ஆதாரமாகும்.

பயிர் செய்வோருக்கு

கமண்டல நாக நதிக்கரையிலுள்ள நம் ஊர் பட்டுக்குப் போலவே நெல்லுக்கும் பெயர் பெற்றது. புகையான் பூச்சி தூரின் அடியில் இருப்பதால் வரப்பிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பும். குலைநோயின் புள்ளியோ கதிர்போல இரு முனையும் கூரியதாய், நடுவே சாம்பல் நிறமாய் இருக்கும். இவற்றை நெருங்கி எடுத்து வேளாண்மை அலுவலருக்குக் காட்டினால், வீண் மருந்தடிப்பு தவிரும்.

மல்பெரி வளர்ப்போர் ஒரு சம்பவத்தை நினைவிற்கொள்ள வேண்டும். 2008 ஜூலையில் கோயமுத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி இந்நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் அது பப்பாளியோடு நில்லாமல் மல்பெரித் தோட்டங்களையும் அழித்தது. மல்பெரியில் இலை சுருங்கும் ‘துக்ரா’வை உண்டாக்கும் வேறொரு மாவுப்பூச்சி முன்பே உண்டு. இரண்டும் தூரப் பார்வைக்கு வெள்ளை மாவுதான். நெருங்கிப் பார்த்தால், மாவின் அடியில் பழையதன் உடல் இளஞ்சிவப்பு. புதியதன் உடல் மஞ்சள். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிக நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே அத்தொல்லை அடங்கிற்று. பூச்சி இன்னதென அறிந்ததால்தான் அதன் இயற்கைப் பகையையும் தேட முடிந்தது.

படம் சொல்லாதவை

நெருக்கப் படத்தைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. பட்டின் ஒற்றை இழைநார் சுமார் பத்து மைக்ரான் பருமன். ஒன்றுக்கு ஒன்று அளவிலும் அதற்கு மூன்று புள்ளிகளே கிடைக்கும். ஆகவே பட்டா, பாலியெஸ்டரா என்று படம் கொண்டு உறுதி கூற முடியாது. எரித்தால் பட்டு மயிர் கருகும் வாடை தரும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். தூய பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004 முதல் ‘சில்க் மார்க்’ முத்திரை இருக்கிறது. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்பதைச் சோதனைச் சாலையே கூறும். மாவுப்பூச்சியின் இனத்தையும் முடிவாகக் கூறுவது நுண்நோக்கியே.

மேலும், ஐந்தரை மீட்டர் சேலை முழுவதையும் இந்த அளவில் எடுக்க இருபத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வேண்டும்! ஆகவே குறித்த சில இடங்களையே எடுக்க இயலும்.

படத்தை வெளியிடுமுன்

1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, 700 மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளில் ஒட்டி வெளியிட்டார். இருபது பிரதிகளில் பதின்மூன்று இங்கிலாந்துக்கு, ஏழு இந்தியாவுக்கு. இந்நாட்டார் விரும்பி உடுத்தும் துணி இன்னதென்று அந்நாட்டு ஆலைக்காரர் அறிந்து நெய்வதற்கு அவை உதவின. இன்று நாமே நம் புதிய பூவேலையின் ஒவ்வோர் இழையையும் தெளிவாக எடுத்து உலகுக்குக் காட்டினால், விசைத்தறிக்காரருக்கு மாதிரித் தொகுதியை இலவசமாக அனுப்பியதே ஆகும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பிக்குமுன் வெளியிடப்பட்ட வடிவம் புதியதாகக் கருதப்படாது. ஆதலின் வாங்குவோருக்குச் சேலையின் அழகு தெரியும் படம் போதும். இழை எண்ணத்தக்க படம் சங்கத்தின் ஏட்டில் இருக்கட்டும்.

சங்கம் செய்யத்தக்கது

காமிராவும் லென்ஸும் ஒரு நெசவாளி தனியே வாங்கத்தக்க விலையில் இல்லை. ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதும் இல்லை. சங்கத்துக்கு ஒரு ஜதை போதும். சேலை வாங்கும் மேஜையருகே ஜன்னலோரம் அதை நிலையாக வைக்கலாம். ஒவ்வொரு சேலையிலும் உடல், இரு கரைகள், முந்தானை, தரம் பார்ப்பவர் ஐயுற்ற இடம் என ஐந்து படங்கள், அளவுகோலும் சேலை எண்ணும் தெரியுமாறு எடுக்கப்பட வேண்டும். காமிராவின் கடிகாரம் சரியாக இருத்தல் வேண்டும். மூலப் படத்தில் திருத்தம் செய்தல் ஆகாது. பிரதியொன்றை நெய்தவருக்கும் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கூறியதே தலையாயது. படம் சங்கத்தின் அலமாரியில் மட்டும் இருந்தால் அது நெசவாளியின்மேல் குற்றம் காட்டும் கருவியாகிவிடும். இருவர் கையிலும் இருந்தால்தான் அது சாட்சி. பிடித்தம் எழுதுமுன் படத்தை நடுவில் வைத்து, நெய்தவரும் தரம் பார்ப்பவரும் சேர்ந்து பார்க்கும் வழக்கத்தை நம் சங்கங்கள் ஏற்படுத்திக்கொள்ளுமாக.