ஊர் கூடி வளர்த்த கருவி

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் நடுப்பகுதி பரந்த வறண்ட நிலமாகும். அங்கே ஒரு பண்ணை வீட்டினின்று அடுத்த பண்ணை வீட்டை அடையப் பல மணி நேரம் பயணம் செய்யவேண்டும். இத்தகைய இடத்தில் பள்ளிக்கூடம் கட்டினால் பிள்ளைகள் எவ்வாறு நாள்தோறும் வந்து பயில்வர்? ஆதலின் அந்நாட்டில் பள்ளியே பிள்ளைகளை நாடிச் சென்றது. 1929-ஆம் ஆண்டளவில் ஆல்பிரட் டிரேகர் என்பவர், மிதிவண்டியை மிதிப்பது போலக் காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கி இயக்கத்தக்க வானொலிக் கருவி ஒன்றை அமைத்தார். நோயுற்றபோது மருத்துவரை அழைப்பதற்கென வைக்கப்பெற்ற அவ்வானொலி, பின்னர்க் கல்விக்கும் பயன்பட்டது. 1951-ஆம் ஆண்டில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் வானலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. ஆசிரியர் ஓர் அறையில் அமர்ந்து பேசுவார். தொலைவிலுள்ள பிள்ளைகள் தத்தம் வீட்டிலிருந்து கேட்பர். ஒரு பிள்ளை விடை கூறும்போது ஏனைய பிள்ளைகளும் அதனைக் கேட்பர். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், தனிமையில் வளர்ந்த பிள்ளைக்குத் தன்னைப்போல் பயில்வோர் வேறு பலர் உளர் என்னும் உணர்வை அளித்தது அதுவேயாம்.

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்து, இவ்வாறு வானொலி வழியே பயின்றவர்களுள் ஒருவர் மார்ட்டின் டூகியாமஸ். அவர் பின்னாளில் பெர்த் நகரத்துக் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் கணினிப் பணி ஆற்றினார். அங்கே இணையத்தின் வழியே பாடம் நடத்துவதற்கு 'வெப்சிடி' என்னும் மென்பொருள் வழங்கிவந்தது. அது கானடா நாட்டில் தோன்றியது. விலை கொடுத்துப் பெறவேண்டியது. அதனைப் பேணும் பொறுப்பு டூகியாமஸிடம் இருந்தது. ஆனால், அதில் கண்ட குறைகளைத் தம் விருப்பப்படி திருத்திக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. ஆகவே தாமே புதிய மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார். அதன் முதற்பதிப்பு 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் வெளிவந்தது. 'மூடில்' என்பது அதன் பெயர். தமிழ்ச் செவிக்கு 'மூடு' என்னும் சொல்லை நினைவூட்டினும், இயல்பால் அது முற்றிலும் திறந்த கருவியாகும்.

திறந்த கருவி என்பதன் பொருளைச் சற்று விளக்குதல் வேண்டும். மென்பொருளை ஆக்குவோர் மனிதர் படித்தறியத்தக்க வடிவில் கட்டளைகளை எழுதுகின்றனர். அதனை மூல நிரல் என்பர். விலைக்கு விற்கும் நிறுவனங்கள் பலவும் மூல நிரலை வெளியிடாமல், கணினிக்கு மட்டும் விளங்கும் வடிவையே தருகின்றன. வைத்தியர் ஒருவர் சூரணத்தைப் பொட்டலமாகக் கட்டித் தந்து, செய்முறைச் சுவடியைப் பெட்டியில் பூட்டி வைப்பது போன்றது இது. மருந்து பலன் தரலாம். ஆனால் வைத்தியர் ஊரைவிட்டுப் போய்விட்டால் மருந்தும் போய்விடும். அமெரிக்க நாட்டு ரிச்சர்டு ஸ்டால்மன் இந்நிலையை மாற்ற விரும்பி, 1989-ஆம் ஆண்டில் 'பொது உரிமம்' ஒன்றை வகுத்து வெளியிட்டார். அவ்வுரிமத்தின்கீழ் வரும் மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கும் வழங்கலாம். ஆனால், மாற்றி வழங்குவோர் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் தரவேண்டும் என்பது நிபந்தனை. டூகியாமஸ் மூடிலை இவ்வுரிமத்தோடுதான் வெளியிட்டார்.

மூடிலைப் பள்ளியோ கல்லூரியோ தன் கணினி ஒன்றில் நிறுவிக்கொள்ளும். ஆசிரியர் அதில் ஒவ்வொரு பாடத்திற்கும் தனித்தனி வகுப்பறை அமைத்துப் பாடங்களை இடுவார், வினாத்தேர்வு வைப்பார், மாணவர் எழுதி அனுப்பும் கட்டுரைகளைத் திருத்தி மதிப்பெண் அளிப்பார். இவற்றினும் சிறந்ததென நான் கருதுவது அதன் உரையாடல் மன்றமே. ஒரு மாணவன் ஐயம் எழுப்பினால் மற்றொரு மாணவன் விடை எழுதலாம். அவ்விடையை வகுப்பு முழுதும் படிக்கலாம். பிறர் காண ஒன்றை ஆக்கும்போதுதான் நாம் நன்கு கற்கின்றோம் என்னும் கல்விக் கொள்கை டூகியாமஸுக்கு உண்டு. மேலும், திரையில் தோன்றும் சொற்கள் யாவும் நிரலினின்று பிரித்து வைக்கப்பெற்றுள்ளமையால், நிரலைத் தொடாமலே அவற்றை எம்மொழியிலும் பெயர்க்கலாம். அவ்வாறே ஆர்வலர் பலர் பன்மொழிகளில் பெயர்த்துள்ளனர். தமிழும் அவற்றுள் ஒன்று.

இத்துறையில் வழக்கும் பூசலும் எழாமல் இல்லை. அமெரிக்காவில் 'பிளாக்போர்டு' என்னும் பெருநிறுவனம் வெப்சிடியை விலைக்கு வாங்கித் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2006-ஆம் ஆண்டில் அதற்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. ஒருவரே ஒரு பாடத்தில் ஆசிரியராகவும் வேறொரு பாடத்தில் மாணவராகவும் ஒரே கணக்கின் வழியே நுழையும் முறை அவ்வுரிமையின் உள்ளே அடங்கியிருந்தது. அதே ஆண்டு ஜூலைத் திங்களில், கானடா நாட்டு 'டிசையர்டுலேர்ன்' நிறுவனத்தின்மீது பிளாக்போர்டு வழக்குத் தொடுத்தது. இன்று இவர்மேல் பாய்ந்தது நாளை நம்மேல் பாயாதோ என்று மூடிலைப் பயன்படுத்துவோர் அஞ்சியது இயல்பே. அவர்கள் அஞ்சியதோடு நில்லாமல், இம்முறைகள் முன்னரே வழக்கில் இருந்தவை என்பதற்குரிய சான்றுகளைத் தேடி விக்கிப்பீடியாவில் தொகுத்தனர். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960-ஆம் ஆண்டில் தோன்றிய 'பிளேட்டோ' என்னும் கணினிவழிக் கல்வி அமைப்பின் வரலாறும் அத்தொகுப்பில் இடம்பெற்றது. 2007-ஆம் ஆண்டில் பிளாக்போர்டு, திறந்த மென்பொருள்கள்மீது அவ்வுரிமையைச் செலுத்துவதில்லை என உறுதி கூறியது. 2008-இல் நடுவர் குழு அந்நிறுவனத்திற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தபோதிலும், 2009-ஆம் ஆண்டு ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம், வழக்கில் காட்டப்பெற்ற காப்புரிமைக் கோரிக்கைகள் செல்லா என்று முடிவு கூறியது.

வலைப்பூ எழுதுவோர்க்கும் இதனை ஒத்த வரலாறு உண்டு. 'பி2' என்னும் வலைப்பூ மென்பொருளை ஆக்கியவர், 2002-ஆம் ஆண்டிற்குப் பின் அப்பணியைத் தொடரவில்லை. அதனைப் பயன்படுத்தி எழுதிவந்தோர் திகைத்தனர். ஆனால் பி2-வும் பொது உரிமத்தின்கீழ் வந்ததே. ஆகவே 19 வயதினரான மாட் முல்லன்வெக் என்னும் அமெரிக்க இளைஞரும், இங்கிலாந்தினரான மைக் லிட்டிலும் அந்நிரலை எடுத்துத் திருத்தி, 2003-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் 'வேர்டுபிரஸ்' என்னும் பெயரில் வெளியிட்டனர். எவரிடமும் அவர்கள் அனுமதி கேட்கவேண்டியதில்லை; உரிமமே அனுமதியாக இருந்தது.

இதற்கு மாறாக 'எட்மோடோ' என்னும் கல்வித் தளத்தின் முடிவைக் காண்க. 2008-ஆம் ஆண்டில் தோன்றிய அதனை ஆசிரியர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தினர். எனினும் மூல நிரலும் கணினிகளும் நிறுவனத்திடமே இருந்தன. 2018-இல் சீன நிறுவனம் ஒன்று அதனை வாங்கியது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அத்தளம் மூடப்பட்டது. ஆசிரியர்கள் தாம் சேர்த்து வைத்த பாடங்களைக் குறித்த நாளுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியவராயினர். கட்டணமின்மை வேறு, உரிமை வேறு என்பது அப்போது பலர்க்கும் விளங்கியிருக்கும்.

மூடிலிலும் குறை உண்டு. நிரலுக்கு விலையில்லையாயினும், அதனைத் தாங்கும் கணினிக்கும், மின்சாரத்திற்கும், பேணும் பணியாளருக்கும் செலவாகும். புதிதாக நுழையும் ஆசிரியர், அமைப்புப் பக்கங்களின் எண்ணிக்கையைக் கண்டு மலைத்துப்போவதும் உண்மை. சிறிய பள்ளிக்கு இவை பெருஞ்சுமைகளே. ஆயினும் ஒரு வசதி குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் தாம் அமைத்த பாடம் முழுவதையும், வினாக்களோடும் படங்களோடும், ஒரே கோப்பாகக் கட்டி எடுத்து, வேறோர் இடத்திலுள்ள மூடிலில் விரித்துக்கொள்ளலாம். இணைய இணைப்பே இல்லாத ஊர்களுக்கெனவும் வழி கண்டுள்ளனர். உள்ளங்கை அளவினதான 'ராஸ்பெரி பை' என்னும் கணினியில் மூடிலை நிறுவினால், அச்சிறு பெட்டியே கம்பியில்லா அலைகளைப் பரப்பும். வகுப்பறையில் உள்ள பிள்ளைகள் தம் கையிலுள்ள கருவிகளால் அதனோடு இணைந்து பாடம் பயில்வர்.