ஆலை போனது, சாக்கடை போகவில்லை

ஆலைகளை மூடிவிட்டால் ஆறு தானாகத் தெளிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் டோர்ட்முண்ட், போட்ராப், ஓபர்ஹவுசன் பக்கமாக ஓடி ரைனில் கலக்கும் எம்ஷர் ஆறு அதைப் பொய்யாக்குகிறது. பூமிக்கடியில் நிலக்கரியை வெட்டி எடுக்க எடுக்க, மேலே தரை அமிழ்ந்தது. அமிழும் தரையில் சாக்கடைக் குழாய் புதைத்தால் உடைந்துபோகும். அதனால் ஆற்றையே சாக்கடையாக்கினார்கள். வளைவுகளை நிமிர்த்தி, கரையை உயர்த்தி, அடியில் கான்கிரீட் பலகைகளைப் பதித்து, ஆள் விழாமலிருக்க வேலியும் போட்டார்கள். தெற்கே ஓடும் ரூர் ஆறு குடிநீருக்கு, எம்ஷர் கழிவுக்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று. ஊர்க்காரர்கள் இந்த ஓடைகளுக்கு வைத்த பட்டப்பெயரை மலம் மிதக்கும் ஓடை என்றுதான் தமிழில் சொல்ல முடியும்.

சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து தரை அமிழ்வது நின்ற பிறகுதான் குழாய் புதைக்க வழி பிறந்தது. தொழில் வெளியேறியதால் ஆற்றுக்குக் கிடைத்த லாபம் அவ்வளவே. ஆலை போனாலும் கரையோர நகரங்களின் கழிப்பறைகள் எங்கும் போகவில்லையே! 1992இல் மீட்பு வேலை தொடங்கியது. டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 40 மீட்டர் ஆழத்தில், கழிவுநீருக்கென்று தனிச் சுரங்கக் குழாய் அமைத்தார்கள். போட்ராப்பில் ரூரின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டது. ஆற்றில் சாக்கடை விழுவது நின்றதோ 2021 கடைசியில்.

பணக்கார நாடு, 550 கோடி யூரோவைக் கொட்டியது, நம்மால் ஆகுமா என்று கேட்கலாம். பணம் மட்டும் போதாது என்பதே என் பதில். 1899இல் நகராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஆற்றுக்கென ஒரு சங்கம் அமைத்தன. கழிவு விடுபவர்கள் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். ஆற்றைச் சாக்கடையாக்கியதும் இதே சங்கம்தானே என்றால், ஆமாம், அதேதான். ஆனால் ஆற்றங்கரை முழுவதற்கும் ஒரே பொறுப்பாளி, ஒரே கணக்குப் புத்தகம் என்று இருந்ததால், முப்பது ஆண்டு வேலையை ஆட்சி மாறினாலும் நடத்த முடிந்தது. மீட்புச் செலவின் பெரும்பங்கும் உறுப்பினர் கட்டணமாகவே வந்தது.

இதில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. டோர்ட்முண்டின் ஹெர்டே பகுதியில் 2001இல் மூடிய இரும்பாலையைப் பிரித்துச் சீனாவுக்கு ஏற்றிவிட்டு, அங்கே 24 ஹெக்டேரில் ஏரி வெட்டினார்கள். ஆலைக்கடியில் குழாய்க்குள் அடைபட்டிருந்த எம்ஷர், இன்று ஏரியை ஒட்டி வெளிச்சத்தில் ஓடுகிறது. கரையில் எழுந்த வீடுகளோ பழைய இரும்பாலைத் தொழிலாளி வாங்கக்கூடியவை அல்ல. அமிழ்ந்த நிலமும் மேலே வரப்போவதில்லை. எம்ஷர் வட்டாரத்தின் கணிசமான பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே தண்ணீர் தேங்காமலிருக்க பம்புகள் இரவு பகலாக இறைக்கின்றன. அவற்றை என்றைக்குமே நிறுத்த முடியாது.