தண்ணீர் பட்டால் ஒளிரும் பொடி

நிபோங் திபால் பக்கம் கிரியான் ஆற்றில் இரவுப் படகில் போய் வந்தவர்களுக்கு மின்மினி மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கரையோர மரங்களில் கூட்டம் கூட்டமாக அமர்ந்து கண்சிமிட்டும் அந்தப் பூச்சிகளைப் பினாங்கு மக்கள் அறிவார்கள். கடலிலும் ஒரு மின்மினி உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாது.

ஜப்பானியர்கள் அதை 'உமி ஹொத்தாரு', அதாவது 'கடல் மின்மினி' என்றே அழைக்கிறார்கள். பெயரில்தான் மின்மினி. பிறப்பால் அது நண்டு, இறால் வகையைச் சேர்ந்தது. பிளாச்சான் செய்ய உதவும் கூனி இறாலுக்குத் தூரத்து உறவு. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர், ஓர் எள் அளவுதான். ஜப்பானின் ஆழமில்லாத கடலோரங்களில் பகலெல்லாம் மணலில் புதைந்து கிடக்கும். இரவில் இரை தேடி வெளியே வரும். எதிரி தாக்கினால் நீல நிற ஒளியை நீரில் பீய்ச்சிவிட்டுத் தப்பிக்கும்.

நெருப்பில்லாமல் ஒளி எப்படி?

வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் தட்டில் தனித்தனியே இருக்கும்வரை சிவப்பு இல்லை. வாயில் ஒன்று சேர்ந்ததும் சிவக்கிறது. இந்த உயிரியிடமும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. அதன் வாயருகே உள்ள சுரப்பிகளில் இரண்டு பொருள்கள் தனித்தனியே இருக்கின்றன. ஒன்று லூசிஃபெரின், மற்றொன்று லூசிஃபெரேஸ் என்னும் நொதி. 1880களில் இப்பெயர்களைச் சூட்டியவர் பிரெஞ்சு அறிவியலாளர் ரஃபேல் துபுவா.

இரண்டும் கடல்நீரில் கலக்கும்போது, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மூன்றாவதாகச் சேர்கிறது. நொதியின் உதவியால் லூசிஃபெரின் ஆக்சிஜனோடு இணைகிறது. அப்படி உருவாகும் மூலக்கூறு நிலையில்லாதது. உடனே அது உடைந்து கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது. உடையும்போது கிடைக்கும் ஆற்றலில் ஒரு பகுதி, சூடு தெரியாத நீல ஒளியாக வெளிப்படுகிறது. அதனால்தான் இதைக் 'குளிர் ஒளி' என்கிறார்கள்.

ஆற்றோர மின்மினிக்கு இவை மட்டும் போதாது. உயிரணுக்களின் எரிபொருளான ஏ.டி.பி.யும் வேண்டும். கடல் மின்மினிக்கு அது தேவையில்லை. ஆகவே இறந்த உடலைக் காயவைத்துப் பொடியாக்கி வைத்தாலும், பல ஆண்டுகள் கழித்துக்கூடத் தண்ணீர் பட்டதும் ஒளிரும்.

போரில் ஒரு விளக்கு

இந்தக் குணத்தைப் போரும் பயன்படுத்திக்கொண்டது. 1941 டிசம்பரில் பினாங்கைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, இரண்டாம் உலகப் போரின்போது இந்த உயிரிகளைச் சேகரித்துக் காயவைத்தது. உள்ளங்கையில் சிறிது பொடியை வைத்து நீர் தெளித்தால், எதிரியின் கண்ணில் படாமல் வரைபடம் பார்க்கும் அளவுக்கு மங்கிய வெளிச்சம் கிடைக்கும்.

போர் முடிந்தது. 1945 ஆகஸ்ட் 9இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்தபோது, பக்கத்து ஊரான இசஹாயாவில் இருந்த 16 வயது மாணவர் ஒருவர் அந்தப் பேரொளியால் சற்று நேரம் பார்வையிழந்தார். அவர் பெயர் ஒசாமு ஷிமோமுரா. பத்தாண்டுகள் கழித்து, நகோயா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹிராட்டா அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். கடல் மின்மினியின் லூசிஃபெரினைத் தூய படிகமாகப் பிரித்தெடுப்பதே அந்தப் பணி. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் நீண்ட காலம் முயன்றும் கைகூடாத வேலை அது.

சிக்கல் எங்கே? காற்றுப் பட்டாலே லூசிஃபெரின் கெட்டுவிடும். எனவே ஹைட்ரஜன் வாயு சூழ்ந்த கருவியில் இராப்பகலாக வேலை செய்ய வேண்டியிருந்தது. அரைக் கிலோ பொடியிலிருந்து கிடைத்தது சில மில்லிகிராம் மட்டுமே. 1956இல் ஓரிரவு, மிச்சமிருந்த லூசிஃபெரினில் அமிலத்தைக் கலந்து அப்படியே வைத்துவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தபோது சிவப்புப் படிகங்கள் படிந்திருந்தன.

அந்த வெற்றிதான் அவரை 1960இல் பிரின்ஸ்டனுக்கு அழைத்துச் சென்றது. அங்கே ஒளிரும் ஜெல்லிமீனை ஆராய்ந்தபோது பச்சை ஒளிர் புரதத்தைக் கண்டார். இன்று புற்றுநோய் அணு உடலில் பரவுவதையும், நரம்பணு வளர்வதையும் ஆய்வுக்கூடங்களில் கண்ணால் காண உதவுவது அந்தப் புரதமே. 2008இல் வேதியியல் நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது அவர்களில் ஒருவராக இருந்தார். 2018இல் காலமானார்.

போர்வீரன் வரைபடம் பார்த்ததும் அதே பொடியின் ஒளியில்தான். நோயை அறியும் வழிக்கு முதல் படியாக அமைந்ததும் அதே பொடிதான். பொடி மாறவில்லை. அதை ஏந்திய கைதான் மாறியது.