உண்டபின் வரும் வயிற்றுவலியும் பித்தப்பைக் கற்களும்

உண்டபின் வரும் வயிற்றுவலியெல்லாம் வாயுவே என்று கருதும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. விருந்துண்ட இரவில் மேல்வயிறு இறுகப் பிடித்தால் ஒரு கோலி சோடாவும் சிறிது ஓமமும் போதுமென்று இருந்துவிடுகிறோம். பல சமயங்களில் அது போதுமானதே. ஆனால் அதே வலி திரும்பத் திரும்ப வருமாயின், அது பித்தப்பையில் உண்டான கல்லின் வேலையாக இருக்கலாம். சேலம், நாமக்கல் சமவெளிகளில் வாழும் சங்க அங்கத்தினர்கள் இதனை அறிந்திருத்தல் அவசியம். காலத்தில் கவனித்தால் சுலபமாகத் தீரும் இவ்வியாதி, காலம் கடந்தால் உயிருக்கே ஆபத்தாகிறது. நகையை அடகு வைக்கும் செலவும் அப்போதுதான் வருகிறது.

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி கல்லீரலின் அடியில், ஏற்காட்டுப் பேரிக்காயின் வடிவில் தொங்கும் ஒரு சிறு பையில் சேர்ந்து கெட்டிப்படுகிறது. இதுவே பித்தப்பை. இதன் கொள்ளளவு 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். எண்ணெய், நெய், இறைச்சி முதலிய கொழுப்புள்ள ஆகாரம் சிறுகுடலில் இறங்கியதும், பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குள் செலுத்துகிறது. பித்தநீரிலுள்ள கொழுப்புச் சத்தோ நிறப்பொருளோ அளவு மிஞ்சினால் அது படிந்து கல்லாகிறது. பை சுருங்கும்போது அக்கல் அதன் வாயை அடைத்துக்கொண்டால் வலி உண்டாகிறது. நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊராதலால் ஒன்று சொல்லலாம்: ஸ்கேன் கருவி வருமுன் எக்ஸ்ரே மூலம் பித்தப்பையைச் சோதித்த டாக்டர்கள், பை சுருங்குகிறதா என்று பார்க்க நோயாளிக்கு முட்டை கொடுப்பதுண்டு. முட்டை தின்றதனாலேயே கல் வந்தது என்று கொள்ளலாகாது. உள்ளே ஏற்கெனவே இருக்கும் கல்லை அது காட்டிக் கொடுக்கிறது.

ஆண்களைவிடப் பெண்களுக்கு, விசேஷமாய்ப் பல பிரசவம் கண்டவர்களுக்கு, இது அதிகம். நாற்பது வயதைக் கடந்தவர்கள், உடல் பருத்தவர்கள், நீரிழிவுள்ளவர்கள், வெகு விரைவில் உடல் இளைத்தவர்கள் ஆகியோருக்கும் வரும். நீண்ட நேரம் பட்டினியிருந்தால் பை சுருங்காமல் பித்தநீர் தேங்குகிறது. நாமக்கல் லாரிகளிலும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் வெளி மாகாணங்களுக்குச் செல்வோர், பகலெல்லாம் தேநீரோடு கழித்து நள்ளிரவில் வயிறு நிறைய உண்பது எவ்வகையிலும் நல்லதன்று.

இவ்வலிக்குச் சில அடையாளங்கள் உண்டு. உண்ட சிறிது நேரத்திலோ, பெரும்பாலும் இரவிலோ, வலது விலாவின் கீழோ மேல்வயிற்றின் நடுவிலோ தோன்றும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவும். குமட்டலும் வாந்தியும் கூடும். அரைமணி முதல் சில மணி நேரம் வரை நீடித்துத் தானே அடங்கும். வெறும் வயிற்றில் எரிந்து, உண்டால் தணிவது குடல் புண்ணாக இருக்கலாம். மூட்டுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவோருக்கு அப்புண் வருவது சகஜம். மேல்வயிற்று வலியோடு வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். அப்போது சோடா தேடாமல் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

மஞ்சள் காமாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். காமாலை கண்டதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் வைப்பது நம் வழக்கம். கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிவதால், மருந்தால் குணமாயிற்று என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் பித்தப்பையிலிருந்து நழுவிய கல் பித்தநாளத்தை அடைத்ததால் வரும் காமாலை வேறு. அதில் சிறுநீர் கடும் மஞ்சளாகவும், மலம் களிமண் போல் வெளுத்தும் போகும், உடல் நமைக்கும். வலியோடு குளிர்சுரமும் சேர்ந்தால் பித்தநாளத்தில் சீழ் பிடிக்கிறது என்று பொருள். அங்கே ஒரு வாரப் பத்தியம் என்பது ஒரு வார ஆபத்து. கல் கணையத்தின் வாயை அடைத்தால், முதுகைத் துளைக்கும் தாங்கொணா வலியோடு கணைய அழற்சி உண்டாகும். வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், சுரமோ காமாலையோ கூடினாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கங்களில் வாழை மிகுதி. ஆகவே கல் என்ற சொல் காதில் விழுந்ததும் வாழைத்தண்டுச் சாறு வந்துவிடுகிறது. சிறுநீரகக் கல்லும் பித்தப்பைக் கல்லும் வேறு வேறு. தண்ணீரும் சாறும் மிகுதியாகக் குடித்தால் சிறுநீர் பெருகும். பித்தப்பைக்கு அவ்வழி கிடையாது. எண்ணெயும் எலுமிச்சம்பழச் சாறும் குடித்துக் கற்களை வெளியேற்றியதாகச் சிலர் காட்டும் பச்சை உருண்டைகளும் கற்களல்ல. குடித்த எண்ணெயே குடலில் சவுக்காரமாகத் திரண்டு வெளிவருகிறது.

கல்லை அறிய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சிறந்தது. உண்டால் பை சுருங்கிவிடுமாதலால், ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு செல்ல வேண்டும். வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, வலி ஏதும் இல்லையாயின், பெரும்பாலோருக்குச் சஸ்திர சிகிச்சை தேவையில்லை. யாரேனும் பயமுறுத்தி அவசரப்படுத்தினால் வேறொரு டாக்டரிடமும் கேட்பது நலம். வலி வந்து போகிறவர்களுக்கோ பையை அகற்றுவதே தீர்வு. 1882-ல் பெர்லினில் லாங்கன்புக் என்பவர் முதன்முதல் இதனைச் செய்தார். சிறு துளைகள் வழியே செய்யும் முறையை 1985-ல் ஜெர்மனியிலேயே எரிக் மூஹே தொடங்கினார். 1990-ல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா நம் தேசத்துக்குக் கொண்டுவந்தார். இம்முறையில் பெரும்பாலோர் இரண்டொரு நாளில் வீடு திரும்புகின்றனர். பை இல்லாவிடினும் பித்தநீர் நேரே குடலுக்குள் வடிவதால் ஜீரணம் நடைபெறும். சிலருக்குச் சில காலம் பேதி இளகலாம்.

வட்டிக்கு வாங்குமுன் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரிக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அதனையும் குடும்ப அட்டையையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். எடுத்த கற்களைப் புட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்து வந்தவர்க்கெல்லாம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதைவிட முக்கியமானது, எடுத்த பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்பது. அபூர்வமாக அதில் புற்றுநோய் மறைந்திருப்பதுண்டாகையால், அதன் முடிவை வாங்கிப் பார்த்தபின்பே சிகிச்சை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.