கொழுந்து நிறையும் திரையில் நிற்கும் எண்ணும்

ஹட்டன் பக்கத் தோட்டங்களில் குறித்த கிலோ கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’தான் விழும். அதனால், மடுவத்தில் நிறுவைக் கணக்குக்கு எழுதும் செயலியின் திரையில் பழைய எண்ணே நின்றால், அதைச் சின்னப் பிழை என்று என்னால் தள்ளிவிட முடியாது.

திரையையும் தரவையும் கோர்ப்பதே தரவுப் பிணைப்பு. 12 கிலோவுடன் 8 சேர்ந்தால், திரை தானாகவே 20 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்றைப் பாருங்கள்:

பிணைப்பில் எழுதிய பெயர் தரவின் பெயரோடு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறதா?

எந்தத் தரவிலிருந்து எடுப்பது என்று திரைக்குச் சொல்லியிருக்கிறதா?

மாறியதைத் தரவு அறிவிக்கிறதா? மைக்ரோசொஃப்ட் 2006இல் வெளியிட்ட டபிள்யூ.பி.எஃப்.இல் ‘புரொப்பர்ட்டி சேஞ்ச்ட்’ என்ற நிகழ்வு இதைச் செய்கிறது. அறிவிப்பு இல்லையேல் உள்ளே 20, வெளியே 12.

பறித்தவர் தன் நிறையை அங்கேயே பார்த்துக் கேள்வி கேட்க முடிந்தால்தான் அது கணக்கு.