பிசினஸ் கிளாஸிலும் அதே காற்றுதான்

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு எங்கும் நிற்காமல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏர்பஸ் ஏ350-900 விமானத்தில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் கிளாஸில் 67 இருக்கைகள், பிரீமியம் எகானமியில் 94. மொத்தம் 161 பேர்தான். தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர், பயணம் 18 மணி நேரத்துக்கு மேல். முன்பகுதியில் இருப்பவர்களுக்கு இருக்கையே மெத்தையாக விரிகிறது. அதற்கு அவர்கள் கொடுக்கும் கட்டணம் மிகப் பெரிது. அந்தப் பணத்துக்கு உடம்புக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

தூக்கம் கிடைக்கிறது, அதில் சந்தேகமில்லை. கனவு காணும் கட்டத்துக்குத் தூக்கம் நகரும்போது கழுத்து உட்பட உடம்பின் பெரும்பாலான தசைகள் தளர்ந்துவிடும். உட்கார்ந்திருப்பவரின் தலை சரியும், உடனே விழிப்பு வரும். இரவெல்லாம் இப்படியே விட்டுவிட்டுத் தூங்கியவர் காலையில் களைத்துப்போய் இறங்குகிறார். முதுகு எவ்வளவு சாய்ந்தால் தூக்கம் தூக்கமாக இருக்கும் என்பதை நிக்கல்சன், ஸ்டோன் என்ற ஆய்வாளர்கள் அளந்து 1987இல் வெளியிட்டார்கள். நிமிர்ந்த நிலையிலிருந்து 40 டிகிரியாவது சாய்ந்திருந்தால் தூக்கத்தின் தரம் படுக்கையில் கிடைப்பதை நெருங்கிவிடுகிறது என்பது அவர்களுடைய முடிவு. எகானமி இருக்கை அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. பிசினஸ் கிளாஸ் அதைத் தாண்டி, முழுக்கத் தட்டையாகவே விரிகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000இல் இதைத் தன் பிசினஸ் கிளாஸுக்குக் கொண்டுவந்தது. ஒருவர் முன்னோக்கியும் பக்கத்தவர் பின்னோக்கியும் இருக்கும்படி இருக்கைகளை மாற்றிமாற்றி வைத்தார்கள். தோள் அகலம், கால் குறுகல் என்பதால் ஒருவரின் தோளுக்குப் பக்கத்தில் இன்னொருவரின் கால் வந்தால் அதே அகலத்தில் அதிகப் படுக்கைகளை அடக்கலாம். எளிமையான, அருமையான யோசனை.

ஆனால் அந்தப் படுக்கையில் படுத்து மூச்சுவிடும் காற்று, கடைசி வரிசைக்காரர் சுவாசிப்பதிலிருந்து வேறுபட்டதல்ல. விமானம் 35,000 அடிக்கு மேல் பறக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் கால் பங்குகூட இருக்காது. உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். தரைமட்ட அளவுக்கு நிரப்பினால் விமானத்தின் உடற்கூடு ஒவ்வொரு பயணத்திலும் அதிகமாக விரிந்து சுருங்கி, உலோகம் சீக்கிரம் சோர்ந்துபோகும். ஆகவே கேபினின் அழுத்தம் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. இரவு முழுவதும் ஊட்டியைவிடச் சற்று உயரமான மலையில் தூங்குவதற்குச் சமம் இது. கார்பன் இழைக் கூட்டுப்பொருளால் கட்டப்பட்ட போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்றவை அதிக அழுத்தத்தைத் தாங்கும். அவற்றில் கேபின் சுமார் 6,000 அடியில், அதாவது நுவரெலியாவின் உயரத்தில் நிற்கிறது.

இந்த 2,000 அடி வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதா? 2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. 502 தன்னார்வலர்களை அழுத்த அறையில் வெவ்வேறு உயரங்களுக்குச் சமமான காற்றில் 20 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். 7,000, 8,000 அடிக்குச் சமமான காற்றில் இருந்தவர்களுக்கு மூன்று முதல் ஒன்பது மணி நேரத்துக்குள் உடல் அசதியும் சங்கடமும் கூடின. 6,000 அடியில் அப்படிக் கூடவில்லை. ஆக, நீண்ட இரவுப் பயணத்தில் டிக்கெட்டின் வகுப்பைப் போலவே விமானத்தின் ரகமும் முக்கியம். இதைக் கேட்டு டிக்கெட் எடுப்பவர்கள் மிகக் குறைவு.

ஈரப்பதத்தில் முன்பகுதிக்குச் சற்று நஷ்டம்கூட உண்டு. உறைநிலைக்குப் பல பத்து டிகிரி கீழே இருக்கும் வெளிக்காற்றில் நீராவி அனேகமாக இல்லை. கேபினில் இருக்கும் கொஞ்ச ஈரமும் பெரும்பாலும் பயணிகளின் மூச்சிலிருந்தும் வியர்வையிலிருந்தும் வருகிறது. ஆட்கள் குறைவாக இருக்கும் பிசினஸ் கிளாஸில் காற்று எகானமியைவிட வறண்டிருக்கும். கண் எரிவதும் தொண்டை காய்வதும் அதனால்தான். நாக்கின் கதையும் இதேதான்: குறைந்த அழுத்தத்தில் உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரிகின்றன என்பதை ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பீங்கான் தட்டில் வந்தாலும் உணவு தரையில் இருக்கும் ருசியோடு இருக்காது.

என்னை உண்மையாகவே கவலைப்படவைப்பது மது. பிசினஸ் கிளாஸில் ஏறி உட்கார்ந்ததும் ஷாம்பெயின் வரும், சாப்பாட்டோடு ஒயின் வரும், பிறகு படுக்கை விரியும். இந்த வரிசையில் நடந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மன் விண்வெளி மையத்தின் ஆய்வாளர்கள் சோதித்து 2024இல் தோராக்ஸ் இதழில் வெளியிட்டார்கள். 18 முதல் 40 வயது வரையிலான ஆரோக்கியமான 48 பேர் பங்கேற்றார்கள். விமானக் கேபின் அழுத்தத்தில் மது அருந்தாமல் தூங்கியவர்களின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு 88 சதவீதத்தை ஒட்டியும், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 73க்குச் சற்றுக் கீழும் இருந்தன. இரண்டு கேன் பீருக்குச் சமமான மதுவோடு தூங்கியபோது செறிவு 85ஐ ஒட்டி இறங்கியது, துடிப்பு 88க்குப் பக்கத்தில் ஏறியது. இது இளைஞர்களின் கணக்கு. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ள 60 வயதுக்காரருக்கு இந்த இறக்கம் ஆபத்தாகலாம். பங்கேற்றவர்கள் படுத்த நிலையில் தூங்கினார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். எனவே இந்த எச்சரிக்கை முன்பகுதிப் பயணிகளுக்குத்தான் முதலில் பொருந்தும். விமானத்தில் வழங்கும் மதுவைக் கட்டுப்படுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான கோரிக்கை.

காலில் ரத்தம் உறையும் நோயை ‘எகானமி கிளாஸ் நோய்’ என்று அழைப்பதும் சரியல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. காரணம் நெடுநேரம் அசையாமல் இருப்பது. அகலமான இருக்கையில் அசையாமல் இருந்தாலும் அதே அபாயம்தான். எழுந்து நடக்க வேண்டும்.

அடுத்தது ஜெட் லாக். மூளையின் ஹைபோதாலமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து உடம்பின் கடிகாரத்தை ஓட்டுகின்றன. அதைத் திருத்தும் மிக வலுவான சமிக்ஞை கண்ணில் விழும் வெளிச்சம். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடல் வெப்பம் மிகக் குறைந்திருக்கும். அதற்கு முன் விழும் வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும், பின் விழும் வெளிச்சம் முந்தவைக்கும். தவறான நேரத்தில் ஜன்னல் திரையைத் திறந்தால் வெளிச்சம் கடிகாரத்தை எதிர்த் திசையில் தள்ளிவிடும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம். மெத்தை எவ்வளவு மென்மையானாலும் ஒரே இரவில் இதைச் சரிசெய்ய முடியாது. 2019 அக்டோபரில் குவாண்டாஸ் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடம் நீடித்த சோதனைப் பயணம் நடத்தியது. இரவில் புறப்பட்டவர்களை உடனே தூங்கவிடவில்லை. சிட்னியில் அப்போது பகல் என்பதால் விளக்குகளை எரியவைத்து, காரமான உணவு கொடுத்து, உடம்பை அசைக்கச் சொல்லி விழித்திருக்கவைத்தார்கள். இதற்கெல்லாம் தட்டைப் படுக்கை தேவையில்லை. எந்த விமான நிறுவனமும் எகானமி வகுப்பிலும் விளக்கையும் சாப்பாட்டு நேரத்தையும் இப்படி அமைக்கலாம்.

ஒருவர் படுக்கும் இடத்தில் பலர் உட்காரலாம் என்பதால், பிசினஸ் கிளாஸ் பயணியின் கரியமிலச் சுமை எகானமி பயணியினுடையதைப் போல் சுமார் மூன்று மடங்கு என்று உலக வங்கியின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டது. நல்ல தூக்கத்துக்கு உலகம் கொடுக்கும் விலை இது. அதனால்தான், எல்லோருக்கும் சேரும் சீர்திருத்தம் எனக்கு அதிக முக்கியமாகப் படுகிறது. 8,000 அடி விதி பழைய உலோக விமானங்களின் காலத்தது. இனி வடிவமைக்கப்படும் விமானங்களுக்காவது அதை 6,000 அடியாகக் குறைக்க வேண்டும்.

விதி மாறும்வரை, நீண்ட இரவுப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது விமானத்தின் ரகத்தைப் பாருங்கள். வீட்டில் இதயமோ நுரையீரலோ பழுதான பெரியவர் பயணம் போகிறார் என்றால் எந்த வகுப்பு டிக்கெட்டானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வழியில் ஆக்ஸிஜன் தேவைப்படும் என்று அவர் சொன்னால், விமான நிறுவனத்துக்கு முன்னதாகவே தெரிவித்து ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.