பின்பலகை இத்துப்போச்சா? மேலே பூசாதீங்க, உள்ளே பாருங்க!



கடலோரக் கிராமங்களில் குழுக் கூட்டத்துக்குப் போகும்போது, கடன் விண்ணப்பத்தில் "படகு ரிப்பேர்" என்று இரண்டே வார்த்தை எழுதியிருப்பதைப் பார்க்கிறோம். என்ன ரிப்பேர் என்று கேட்டால், "அது அவங்க பாத்துக்குவாங்க, நமக்கென்ன தெரியும்?" என்பதே பதில். கையெழுத்துப் போடுவது நாம். மாதாமாதம் தவணை கட்டுவதும் நாம். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஒரு குழுவில் நடந்தது இது. ஒரு அக்கா பின்பலகை வேலைக்குக் கடன் வாங்கினார். விரிசல் மேலே ரெசின் பூசி, பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நாலு மாதத்தில் நடுக்கடலில் பலகை பிளந்து எஞ்சின் தண்ணீரில் விழுந்தது. பக்கத்தில் இருந்த படகு கயிறு கட்டி இழுத்து வந்ததால் வீட்டுக்காரரும் மகனும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். முதல் கடன் பாக்கி இருக்கும்போதே அந்த அக்கா இரண்டாவது கடன் கேட்டு வந்தார். அன்றைக்குக் கூட்டத்தில் யாருக்கும் பேச்சு வரவில்லை.

ஏன் இத்துப்போகிறது?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின. படகின் பின்னால் எஞ்சின் மாட்டுகிற பலகைதான் பின்பலகை. எஞ்சினின் கனம், அதிர்ச்சி, தள்ளும் வேகம் எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. பல படகுகளில் இது பூரணக் கொழுக்கட்டை மாதிரி: வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட் ஓட்டை, தண்ணி வடிகிற ஓட்டை, மேல் விளிம்பு இவற்றைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். வெளியே வர வழி இல்லை. உள்ளேயே மரம் மக்கிவிடும். உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரில்தான் மரம் சீக்கிரம் மக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரையில் ஏற்றி வைக்கும் படகில் மழைத் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

நாமே கண்டுபிடிக்கலாம்

- சின்னச் சுத்தியலால் பலகை முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்றால் கெட்டி. 'தொப் தொப்' என்றால் சந்தேகம்.
- எஞ்சினை மேலும் கீழும் அசைத்தால் பலகையும் சேர்ந்து அசைகிறதா?
- பலகை பக்கச் சுவரோடு சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா?
- போல்ட் ஓட்டையில் பழுப்புத் தண்ணீர் கசிகிறதா?

சந்தேகம் இருந்தால் உள்பக்கம் சின்னதாக ஒரு துளை போடச் சொல்லுங்கள். வெளுப்பாக, காய்ந்த தூள் வந்தால் நல்லது. கறுப்பாக, ஈரமாக வந்தால் மரம் போய்விட்டது. பார்த்தபின் துளையை அடைக்க மறக்கக்கூடாது.

சரியான வேலை எப்படி நடக்கும்?

1. எஞ்சினைக் கழற்றி, உள்பக்க ஃபைபரை மட்டும் வெட்டி எடுப்பார்கள். வெளிப்பக்கம் அப்படியே இருந்தால்தான் படகின் வடிவம் மாறாது.
2. மக்கிய மரத்தைக் கொஞ்சமும் விடாமல் செதுக்கி எடுக்க வேண்டும். பிறகு நன்றாகக் காய விட வேண்டும். ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது.
3. புதுப் பலகை மரைன் பிளைவுட்டாக இருக்க வேண்டும். ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பழைய பலகை எவ்வளவு கனமோ அவ்வளவு கனம் வேண்டும்.
4. பலகையின் எல்லாப் பக்கமும், முக்கியமாக வெட்டிய விளிம்பில், ரெசின் பூச வேண்டும். பிறகு ரெசினில் நனைத்த மேட் வைத்து, வெளிப்பக்க ஃபைபரோடு இறுக்கி ஒட்ட வேண்டும்.
5. உள்பக்கம் பல அடுக்கு மேட் போட்டு, பக்கச் சுவரிலும் அடிப்பக்கத்திலும் ஏறும்படி மூட வேண்டும். மேல் விளிம்பையும் மூட வேண்டும்.
6. போல்ட் ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, ரெசின் கலவையால் அடைத்து, காய்ந்தபின் அதன் நடுவில் மறுபடி ஓட்டை போட்டால் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கவனம்! கேட்டலிஸ்ட்டையும் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரெசின் பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. ஃபைபர் தூள் பறக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை விடாதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

பின்பலகைக் கடனை இரண்டு தவணையாகக் கொடுங்கள். முதல் தவணை, பலகையைப் பிரிக்கவும் சாமான் வாங்கவும். மக்கிய மரம் முழுக்க எடுத்திருப்பதைக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் பார்த்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு இரண்டாவது தவணை. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடுவதற்கு முன் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இது வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது இல்லை. அந்தப் பலகையை நம்பித்தான் அவர் கடலுக்குப் போகிறார். அடுத்த கூட்டத்துக்கு முன்னால், கரையில் நிற்கும் உங்கள் படகை ஒரு தடவை தட்டிப் பாருங்கள். என்ன சத்தம் கேட்டது என்று கூட்டத்தில் சொல்லுங்கள்.